ப்ரீபெய்ட் காட்டில் சொந்தச் செலவு: எதற்கு விடுவார்கள், எதற்கு விடமாட்டார்கள்

சம்பளக் காசு விழும் கணக்கின் காட் இலக்கத்தை இணையத்தில் கொடுக்கப் பயமா? ஒரு ப்ரீபெய்ட் காட் எடுத்து, தேவைக்கு மட்டும் காசு போட்டு வைப்பது நல்ல யோசனைதான். இலக்கம் களவு போனாலும் உள்ளே கிடக்கும் காசோடு இழப்பு நின்றுவிடும். கடனட்டை போல வட்டியும் ஏறாது.

ஆனால் ஒளித்துச் செலவழிக்க இது உதவாது. வங்கிப் புத்தகத்தில் "5,000 ரூபாய் மாற்றம்" என்று ஒரே வரிதான் விழும், அதனால் என்ன வாங்கினீர்கள் என்று வீட்டில் தெரியாமல் போகலாம், அவ்வளவுதான். அடையாள அட்டை கொடுத்துத்தான் காட் எடுக்கிறீர்கள். ஒவ்வொரு செலவும் காட் தந்தவரிடம் பதிவாகும். காட் வழங்குவதற்கே 2013ஆம் ஆண்டு ஒழுங்குவிதிகளின் கீழ் இலங்கை மத்திய வங்கியின் உரிமம் வேண்டும். அடையாள அட்டை கேட்காமல் காட் தருகிறேன் என்று யாராவது வாட்ஸ்அப்பில் வந்தால் பதில்கூடப் போடாதீர்கள்.

சிக்கல் வருவது பெரும்பாலும் வெளிநாட்டுக்குக் காசு போகும்போது. இதைப் பார்ப்பது 2017ஆம் ஆண்டின் 12ஆம் இலக்க வெளிநாட்டுச் செலாவணிச் சட்டம். திருகோணமலை உவர்மலையில் இருக்கும் ஒரு பிள்ளை லண்டன் பரீட்சைக் கட்டணம் கட்டலாம். பயணத்தில் ஹோட்டல், சாப்பாட்டுச் செலவு செய்யலாம். தன் பாவனைக்கு ஒரு சப்பாத்து வாங்கலாம். பிரதான வீதிக் கடைக்காரர் ஒருவர் சீனத் தளமொன்றில் விற்பனைக்கென்று நூறு ஃபோன் கவர் எடுப்பது வேறு கதை. அது இறக்குமதி, வங்கியூடாக அதற்குரிய ஆவணங்களோடுதான் போக வேண்டும். பிட்காயின் போன்ற மெய்நிகர் நாணயம் வாங்க எந்தக் காட்டையும் பயன்படுத்த முடியாது. 2021ஆம் ஆண்டின் 3ஆம் இலக்கப் பணிப்புரையைச் சுட்டி மத்திய வங்கி இதை வெளிப்படையாகவே அறிவித்தது. "சின்னத் தொகைதானே, யார் பார்க்கப் போகிறார்கள்" என்று பொடியன்மார் சொல்வதை நம்ப வேண்டாம். தொகை சின்னதென்று விதிவிலக்கு கிடையாது.

உள்ளூர்க் கடைகளில் இன்னொரு கூத்து: "காட் என்றால் மூன்று வீதம் கூட, அண்ணே." அப்படி வாங்க அவர்களுக்கு உரிமை இல்லை. காட் மெஷினைக் கொடுத்த வங்கிக்குக் கடைக்காரர் கட்ட வேண்டிய தரகை உங்கள் தலையில் கட்டக் கூடாதென்பது மத்திய வங்கியின் நிலைப்பாடு. பில்லில் அந்தத் தொகையைத் தனியாக எழுதித் தரச் சொல்லிக் கேளுங்கள். பாதிப் பேர் அதோடு விட்டுவிடுவார்கள். விடாவிட்டால் பில்லோடு உங்கள் வங்கிக்கு முறையிடுங்கள். அங்கே பதில் சரியில்லை என்றால் மத்திய வங்கியின் நிதி நுகர்வோர் தொடர்புத் திணைக்களத்துக்கு, தொலைபேசி இலக்கம் 1935.

நிலாவெளிப் பக்கம் ஹோட்டலில் அறை போடுகிறவர்களுக்கு ஒரு சொல். சில இடங்களில் வாடகைக்கு மேலதிகமாக ஒரு தொகையைக் காட்டில் பிடித்து வைப்பார்கள். அது திரும்ப நாளெடுக்கும், அதுவரை அந்தக் காசை நீங்கள் தொட முடியாது. மீதியை மட்டுமட்டாக வைத்துக்கொண்டு போனால் இரவுச் சாப்பாட்டுக்குக் காட் வேலை செய்யாது. இணையத்தில் வாங்கிய பொருளைத் திருப்பி அனுப்பினாலும் பொதுவாகக் காசு அதே காட்டுக்குத்தான் வரும். ஆகவே மீதி தீர்ந்துவிட்டதென்று காட்டை உடனே வெட்டி எறிந்துவிடாதீர்கள்.