சைக்கடெலிக்: உளம் துலக்கும் இசை

‘சைக்கடெலிக்’ என்றதும் பலருக்கு நினைவுக்கு வருவது போதையும் கண்ணைப் பறிக்கும் சுழல் வண்ணங்களும்தான். சொல்லின் வேரில் இவை இரண்டுமே இல்லை. கிரேக்கத்தில் ‘சைக்கீ’ என்றால் உள்ளம், உயிர்; ‘டெலூன்’ என்றால் தெரியச் செய்தல்.

சொல்லை உருவாக்கியவர் இசைக்காரர் அல்ல, ஹம்ப்ரி ஆஸ்மண்ட் என்ற மனநல மருத்துவர். இங்கிலாந்தில் பிறந்து கனடாவின் வேபர்ன் மருத்துவமனையில் பணிபுரிந்தவர். எல்எஸ்டி, மெஸ்கலின் போன்ற, மனநிலையை மாற்றும் மருந்துகளை அப்போது மனநோயைப் போலி செய்பவை என்ற பொருளில் ஒரு பெயரால் அழைத்து வந்தார்கள். அது அவருக்குப் போதவில்லை. 1956இல் எழுத்தாளர் ஆல்டஸ் ஹக்ஸ்லிக்கு எழுதிய கடிதத்தில் இந்தப் புதுச்சொல்லை முன்வைத்தார். பத்தே ஆண்டுகளில் அது ராக் இசைக்குள் வந்துவிட்டது. டெக்சாஸைச் சேர்ந்த ‘தேர்ட்டீன்த் ஃப்ளோர் எலிவேட்டர்ஸ்’ குழு 1966இல் தன் முதல் ஆல்பத்தின் பெயரிலேயே அதைச் சேர்த்துக்கொண்டது.

அப்படியானால் தமிழில் என்ன சொல்வது? ‘போதை இசை’ என்றால் காரணத்தை மட்டும் சொல்கிறோம், அதுவும் அரைகுறையாக. ‘மாயத்தோற்ற இசை’ என்பது இல்லாததைக் காட்டுவதாகப் பொருள்படும்; மூலச்சொல்லோ உள்ளே இருப்பதைக் காட்டுவது. எனக்குச் சரியாகப் படுவது ‘உளந்துலக்கு இசை’. துலக்குதல் என்பதில் தேய்த்துப் பளிச்சென்று ஆக்குவதும் உண்டு, விளங்க வைப்பதும் உண்டு.

இதைக் காதால் உணர, இங்கிலாந்து ராக் குழுவான பிங்க் ஃபிளாய்ட் 1967 ஆகஸ்டில் வெளியிட்ட முதல் ஆல்பமான ‘தி பைப்பர் அட் தி கேட்ஸ் ஆஃப் டான்’ போதும். பதினொரு பாடல்களில் எட்டு, குழுவின் பாடகரும் கிட்டார் கலைஞருமான சிட் பாரெட் தனியாக எழுதியவை. சோளக்கொல்லைப் பொம்மை, குட்டிப் பூதம், சைக்கிள் என்று ஒரு குழந்தையின் உலகம் அப்படியே திறந்து கிடக்கிறது. அதே ஆல்பத்தில் ‘இன்டர்ஸ்டெல்லர் ஓவர்டிரைவ்’ கேளுங்கள். படியிறங்குவது போல ஒரு கிட்டார் மெட்டு. சற்று நேரத்தில் தாளம் கலைந்து, கிட்டாரும் ஆர்கனும் ஆளுக்கொரு திசையில் அலைகின்றன. ஒன்பதரை நிமிடத்துக்கும் மேல் ஓடும் அந்தப் பாட்டின் கடைசிப் பகுதியில் பழைய மெட்டு திரும்புகிறது. ஸ்டீரியோ பதிப்பில் அது இடக்காதுக்கும் வலக்காதுக்குமாகப் பாய்கிறது. ஒரு மனம் சிதறிக் கூடுவதை இதைவிடத் தெளிவாக ஒலியில் காட்ட முடியும் என்று எனக்குத் தோன்றவில்லை.

1968இல் பாரெட் விலகினார். கிட்டார் கலைஞர் டேவிட் கில்மர் ஏற்கெனவே குழுவில் சேர்ந்திருந்தார். அப்புறம் பாடல்கள் நீண்டன, நிதானமாயின. 1971இன் ‘எக்கோஸ்’ ஒற்றைப் பியானோ சுரத்தில் தொடங்கி 23 நிமிடங்களுக்கு மேல் விரிகிறது. 1973இன் ‘தி டார்க் சைட் ஆஃப் தி மூன்’ முழுக்கத் திட்டமிட்டு இழைத்த ஒலி. அதையும் ‘சைக்கடெலிக்’ என்றே சொல்வோர் உண்டு. ‘உளந்துலக்கு இசை’ என்ற பெயரை நான் அந்த முதல் ஆல்பத்துக்கும் அடுத்த ஓரிரு ஆண்டுகளுக்கும் மட்டுமே வைப்பேன்.