முச்சை கட்டத் தெரிந்தவருக்கு விமானம் புரியும்

தைப்பொங்கல் அன்று வல்வெட்டித்துறைக் கடற்கரையில் பட்டம் ஏற்றுபவர்களுக்குப் பக்கத்தில் நின்று பார்த்தால் ஒன்று தெரியும். பட்டம் ஏறுவதும் குத்துவதும் பெரும்பாலும் முச்சையில்தான் இருக்கிறது. பட்டத்தின் முகத்தில் சேர்த்துக் கட்டும் அந்த நூல்களில் ஒன்றை விரலளவு கூட்டினாலோ குறைத்தாலோ, பட்டம் காற்றுக்கு முகம் கொடுக்கும் சரிவு மாறிவிடும். சரிவு போதாவிட்டால் பட்டம் படபடக்கும், கூடிவிட்டால் ஏறாமல் நூலை மட்டும் இழுத்துக்கொண்டு தாழ்வாக நிற்கும். விமானம் ஏன் விழுவதில்லை என்ற கேள்விக்கு விடையும் இந்தச் சரிவில்தான் தொடங்குகிறது.

சரிவாக நிற்கும் தாளில் வாடைக்காற்று மோதும்போது அது கீழ்நோக்கித் திருப்பப்படுகிறது. பட்டம் காற்றைக் கீழே தள்ளுகிறது, காற்று பட்டத்தை மேலே தள்ளுகிறது, அவ்வளவுதான். நியூட்டனின் மூன்றாம் விதி. ஆனால் மேல்பக்கத்தால் போகும் காற்றும் சும்மா போவதில்லை, அதுவும் பரப்பை ஒட்டிக்கொண்டு வளைந்து கீழ்நோக்கி இறங்குகிறது, அப்படி வளைய வேண்டுமென்றால் பரப்புக்கு அருகில் அமுக்கம் குறைந்திருக்க வேண்டும். மேலே அமுக்கம் குறைவு, கீழே கூடுதல், அந்த வித்தியாசம் தூக்குகிறது. விமானத்தின் இறக்கையில், எங்கள் பேச்சில் செட்டையில், தூக்கும் விசையின் பெரும்பங்கு இந்த மேல்பக்கக் குறைவால்தான் வருகிறது. காற்றைக் கீழே தள்ளுவது என்றாலும் அமுக்க வித்தியாசம் என்றாலும் நாங்கள் பேசுவது ஒரே விசையைப் பற்றித்தான்.

எங்களில் பலர் வேறு மாதிரிப் படித்தோம். செட்டையின் மேல்பக்கம் வளைந்திருப்பதால் அங்கே தூரம் கூடுதல், ஆகவே மேலால் போகும் காற்று கீழால் போகும் காற்றைப் பின்விளிம்பில் சந்திக்க வேகமாக ஓடுகிறது என்று. பிரிந்த காற்று மறுபடியும் சந்தித்தே ஆக வேண்டும் என்று எந்த விதியும் இல்லை. காற்றை ஊதிச் சோதித்துப் பார்க்கும் காற்றுச் சுரங்கத்தில் புகை விட்டுப் பார்த்தால் மேலால் போகும் காற்று முந்தியே போய்ச் சேர்ந்துவிடுகிறது. வேகம் கூடிய இடத்தில் அமுக்கம் குறைவு என்பது சரி, அந்த வேகத்துக்குச் சொல்லும் காரணம்தான் பிழை. தட்டையான தாளால் செய்த பட்டம் பறக்கிறதே, சாகச விமானங்கள் தலைகீழாகவும் பறக்கின்றனவே, அவற்றை அந்த விளக்கத்தால் எப்படிச் சொல்வது? பிள்ளைகளுக்கு இதை இன்னும் அப்படியே சொல்லிக்கொடுப்பது எனக்கு உண்மையாகவே கவலை.

சரி, 23,000 கிலோவைக் காற்றால் தூக்க முடியுமா? சென்னைக்கும் யாழ்ப்பாணத்துப் பலாலிக்கும் இடையில் பறக்கும் ஏ.டி.ஆர். 72 விமானம் நிறைசுமையோடு கிட்டத்தட்ட அவ்வளவு எடை. அதன் செட்டைப் பரப்பு 61 சதுர மீற்றர். வகுத்துப் பாருங்கள், ஒரு சதுர மீற்றருக்கு 380 கிலோவுக்கும் குறைவாகத்தான் வரும். எங்களைச் சுற்றியுள்ள வளிமண்டலமோ ஒவ்வொரு சதுர மீற்றரையும் 10,000 கிலோ எடைக்குச் சமமாக அழுத்திக்கொண்டிருக்கிறது. ஆகவே மேலுக்கும் கீழுக்கும் நூற்றுக்கு நாலு பங்குகூட வித்தியாசம் தேவையில்லை! எனக்கு மிகவும் பிடித்த கணக்கு இது. காற்றுக்கும் எடை உண்டு, ஒரு கன மீற்றர் 1.2 கிலோ அளவில் வரும், 27 மீற்றர் அகலச் செட்டை மணிக்கு 200 கிலோமீற்றர் வேகத்தில் போகும்போது ஒவ்வொரு செக்கனும் முழு விமானத்தின் எடையைவிடக் கூடிய காற்றைக் கீழ்நோக்கித் திருப்புகிறது என்று தோராயமாகச் சொல்லலாம்.

பட்டத்துக்குக் காற்று வந்து சேர்கிறது, நூல் அதைப் பிடித்து வைத்திருக்கிறது. விமானத்துக்கு நூல் இல்லை, அதனால் தானே ஓடித் தன் காற்றை உண்டாக்க வேண்டும், எஞ்சின் இருப்பது அதற்குத்தான். விமானத்தைத் தூக்கிப் பிடிப்பது எஞ்சின் என்று நினைப்பவர்கள் நிறைய. 2001 ஓகஸ்டில் அத்திலாந்திக் கடலுக்கு மேலே எரிபொருள் தீர்ந்து இரண்டு எஞ்சினும் நின்றுபோன எயார்பஸ் விமானம் ஒன்று, 306 பேரோடு 19 நிமிடம் வழுக்கிப் பறந்து அசோரஸ் தீவுகளில் ஒன்றில் இறங்கியது, எல்லோரும் உயிர் தப்பினார்கள். உயரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்து வேகத்தை வாங்கிக்கொண்டே வந்தது அது. அப்புறம், மேலே போனால் ஈர்ப்பு விட்டுவிடும் என்பதும் சரியில்லை, 10 கிலோமீற்றர் உயரத்திலும் அது ஆயிரத்தில் மூன்று பங்குதான் குறைகிறது.

ரைட் சகோதரர்களும் பட்டத்திலிருந்துதான் வந்தார்கள். 1899இல் ஒரு பட்டத்தில் செட்டையை முறுக்கிப் பார்த்தார்கள், 1900இல் கிட்டி ஹோக் மணல்வெளியில் எஞ்சின் இல்லாத தங்கள் கிளைடரைக் கயிற்றில் கட்டிப் பட்டம்போல ஏற்றி அது எவ்வளவு இழுக்கிறது என்று தராசு வைத்து அளந்தார்கள். 1903 டிசம்பர் 17இல் எஞ்சினோடு 12 செக்கன் பறந்தபோதும் பலத்த எதிர்க்காற்றை நோக்கித்தான் புறப்பட்டார்கள்.

வேகம் பாதியானால் தூக்கும் விசை கால்வாசியாகிவிடும் என்பதால், இறங்கும் நேரம்தான் விமானிக்குக் கவனம் கூடுதலாகத் தேவை. வேகத்தைக் குறைக்க வேண்டும், விழவும் கூடாது, அதனால் சரிவைக் கூட்டலாம், ஆனால் சாதாரணச் செட்டையில் 15 பாகை அளவுக்கு மேல் போனால் மேல்பக்கக் காற்று பரப்பை விட்டுப் பிரிந்து தூக்கும் விசை சட்டென்று குறைந்துவிடும். ஆகவே செட்டையின் வடிவத்தையே மாற்றுகிறார்கள். ஏ.டி.ஆரில் செட்டை யன்னலுக்கு மேலே இருப்பதால் இது நன்றாகத் தெரியும்: கடல் முடிந்து பனைகள் தெரியத் தொடங்கும் நேரத்தில் அண்ணாந்து பாருங்கள், செட்டையின் பின்விளிம்பு மெல்லக் கீழே வளைந்து இறங்கும்.