வெடிக்காத டேங்கரும் வெடித்த கோழி லாரியும்

அமெரிக்கத் தொலைக்காட்சியில் 1987 முதல் 1991 வரை ஓடிய '21 ஜம்ப் ஸ்ட்ரீட்', சிரிப்பு காட்டும் எண்ணமில்லாத ஒரு போலீஸ் தொடர். பால்வடியும் முகமுள்ள காவலர்கள் மாணவர்களாக வேடமிட்டுப் பள்ளிகளுக்குள் நுழைந்து குற்றவாளிகளைப் பிடிப்பார்கள். ஜானி டெப்புக்குப் பெயர் வாங்கித் தந்தது அந்தத் தொடர்தான். 2012இல் ஃபில் லார்டும் கிறிஸ்டோபர் மில்லரும் அதே பெயரில் எடுத்த படமோ முழுக்க முழுக்க நகைச்சுவை. ஜோனா ஹில், சானிங் டேட்டம் இருவரும் வேலைக்கு லாயக்கில்லாத இரட்டைக் காவலர்கள். புதிதாக ஒன்றும் யோசிக்கத் தெரியாமல் எண்பதுகளின் பழைய திட்டத்தைத் தூசு தட்டி எடுக்கிறார்கள் என்று அதில் ஓர் உயரதிகாரி சலித்துக்கொள்வார். படம் தன்னைத்தானே கேலி செய்துகொள்ளும் இடம் அது.

அதே குறும்பு நெடுஞ்சாலைத் துரத்தல் காட்சியிலும் உண்டு. மோட்டார் சைக்கிள் கும்பல் துரத்துகிறது. டேங்கர் லாரி ஒன்று மோதலில் சிக்கி, எரிபொருள் சாலையில் கொட்டுகிறது. நாயகர்கள் முகத்தைச் சுளித்துக்கொண்டு வெடிப்புக்காகக் காத்திருக்கிறார்கள். ஒன்றுமே ஆகவில்லை. அடுத்து, இது வெடித்தே தீரும் என்று நாம் நினைக்கும் இன்னொரு மோதலும் சப்பென்று முடிகிறது. கடைசியில் கோழிகளை ஏற்றிச் செல்லும் லாரி வானளாவ வெடிக்கிறது.

திரையரங்கில் எல்லோரும் சிரித்த காட்சி. வேதியியல் படித்தவர்கள் கொஞ்சம் கூடுதலாகச் சிரித்திருப்பார்கள். படம் பாதி உண்மையைச் சொல்கிறது. மீதிப் பாதியில் பழைய பொய்யை விட்டுப் புதிய பொய்க்குத் தாவுகிறது.

பெட்ரோல் என்ற திரவம் எரிவதில்லை. அதிலிருந்து கிளம்பும் ஆவிதான் எரிகிறது. அந்த ஆவியும் காற்றுடன் சரியான அளவில் கலந்திருக்க வேண்டும். கலவையில் பெட்ரோல் ஆவி 1.4 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் தீ பற்றாது, ஏறத்தாழ 7.6 சதவீதத்தைத் தாண்டினாலும் பற்றாது. முதலாவதில் எரிபொருள் போதாது, இரண்டாவதில் ஆக்சிஜன் போதாது. நிரம்பிய டேங்கருக்குள் நடப்பது இந்த இரண்டாவது நிலைதான். திரவத்துக்கு மேலே இருக்கும் சிறிய இடத்தில், சாதாரண வெப்பநிலையிலேயே ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு ஆவி சேர்ந்துவிடும். அதற்குள் ஒரு தீப்பொறி விழுந்தாலும் கூடி எரிய ஆக்சிஜன் இல்லை. உண்மையில் அஞ்ச வேண்டியது, காலி செய்து கழுவாமல் விட்ட டேங்கரைத்தான். காற்று புகுந்து, மிச்சமிருக்கும் ஆவி மெலிந்து, அந்தக் குறுகிய எல்லைக்குள் கலவை வந்து நிற்கும்போது வெல்டிங் செய்யப் போனால் உயிருக்கே ஆபத்து. "உள்ளேதான் ஒன்றும் இல்லையே" என்று நினைக்கும் இடத்தில்தான் எல்லாம் இருக்கிறது.

எரிவதும் வெடிப்பதும் ஒன்றல்ல. ஒரு கிலோ பெட்ரோலில் அடங்கியிருக்கும் ஆற்றல் ஒரு கிலோ டிஎன்டி வெடிமருந்தில் இருப்பதைப்போல் ஏறக்குறைய பத்து மடங்கு. இதைக் கேட்டதும் பெட்ரோல்தான் பெரிய வெடிமருந்து என்று தோன்றும். ஆனால் டிஎன்டியின் மூலக்கூறுக்குள்ளேயே ஆக்சிஜன் கட்டப்பட்டிருக்கிறது. அது யாரிடமும் கையேந்த வேண்டியதில்லை. அதற்குள் வினை நொடிக்கு 6,900 மீட்டர் வேகத்தில் பாய்ந்து முடிகிறது. பெட்ரோலோ ஒவ்வொரு கிலோவுக்கும் ஏறத்தாழ 15 கிலோ காற்றை வெளியிலிருந்து வாங்கிக்கொள்ள வேண்டும். நன்றாகக் கலந்து அசையாமல் நிற்கும் பெட்ரோல் ஆவியில் கூட, தீ நொடிக்கு அரை மீட்டர் அளவில்தான் நகரும். சுவர்களும் நெருக்கமான தடைகளும் இருந்தால் அந்த வேகம் கூடும், அழுத்தம் ஏறும். திறந்த சாலையில் பெரும்பாலும் நடப்பது கொழுந்துவிட்டு எரிதல் மட்டுமே.

துப்பாக்கியால் சுட்டால்? திரைப்படங்களில் ஒரே தோட்டா போதும். நடைமுறையில், ஈயமும் செம்பும் சேர்ந்த சாதாரணத் தோட்டா உலோகத்தில் பட்டாலும் தீப்பொறி எழுப்புவது அரிது. டாங்கியில் ஓட்டை விழும், பெட்ரோல் வழியும், அவ்வளவுதான். பாயும்போதே எரிந்து வழி காட்டும் டிரேசர் வகைத் தோட்டாக்களின் கதை வேறு. சிகரெட்டைத் தூக்கியெறிந்து தீ வைக்கும் வில்லனும் ஏமாந்துதான் போவான். துப்பாக்கிகளையும் வெடிபொருள்களையும் கண்காணிக்கும் அமெரிக்க அரசு அமைப்பின் ஆய்வுக்கூடத்தில், புகையும் சிகரெட்டுகளைத் தீப்பற்றக்கூடிய அளவிலிருந்த பெட்ரோல் ஆவிக்குள் 4,500 தடவைக்கு மேல் காட்டிப் பார்த்தார்கள். ஒரு முறைகூடப் பற்றவில்லை. இதை நம்பி பெட்ரோல் பங்கில் யாரும் சிகரெட்டை எடுக்க வேண்டாம். அதைப் பற்றவைக்கும் தீக்குச்சிக்கு இந்தத் தயக்கமெல்லாம் கிடையாது.

வாகனம் வெடிப்பதைக் காட்டுவது எவ்வளவு கடினம் என்பதற்குச் செய்தி உலகிலேயே ஒரு சான்று இருக்கிறது. ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனத்தின் சரக்கு வாகனங்கள் பக்கவாட்டில் மோதினால் தீப்பிடிக்கும் என்று காட்ட 1992 நவம்பரில் என்பிசி தொலைக்காட்சி ஒரு நிகழ்ச்சியை ஒளிபரப்பியது. மோதியதும் தீ எழுந்தது. வண்டிக்கு அடியில் பொம்மை ராக்கெட்டுகளுக்கான மோட்டார்களைக் கட்டிவைத்துத்தான் அந்தத் தீயை மூட்டினார்கள் என்று பிறகு தெரியவந்தது. நிறுவனம் வழக்குப் போட, 1993 பிப்ரவரியில் அதே நிகழ்ச்சியில் மன்னிப்புக் கேட்டார்கள்.

இதுவரை படத்தின் பக்கம்தான் நியாயம். இனி அதன் பொய். சாலையில் கொட்டிய பெட்ரோல் அமைதியாகக் கிடக்கும் என்று நம்பிவிடக் கூடாது. பூஜ்யத்துக்குக் கீழே 40 டிகிரி குளிரில்கூடப் பற்றிக்கொள்ளும் அளவுக்கு ஆவியை அது வெளியிடும். ஒரு லிட்டர் பெட்ரோல் முழுதும் ஆவியானால் 180 லிட்டர் அளவுக்கு விரியும். அது காற்றுடன் கலந்து 12,000 லிட்டர் வரை தீப்பற்றும் கலவையாக மாற முடியும். அந்த ஆவி காற்றைவிட மூன்று நான்கு மடங்கு கனமானது. மேலே போகாமல் தரையோடு தவழ்ந்து, பள்ளம் பார்த்து இறங்கி, சாக்கடைக்குள் புகுந்து, எங்கோ தொலைவில் ஒரு நெருப்பைச் சந்திக்கும். சந்தித்ததும் தீ வந்த வழியே திரும்பி ஓடிவரும். சாய்ந்து விழுந்து தார்ச்சாலையில் உரசிக்கொண்டே போகும் பைக்கின் இரும்பு கிளப்பும் பொறி இதற்குத் தாராளமாகப் போதும். ஆக, அந்த டேங்கர் காட்சியில் நேர்மையான முடிவு வெடிப்பும் அல்ல, மௌனமும் அல்ல. சாலை நெடுக ஓடும் தீ. அதில் நகைச்சுவைக்கு இடமில்லை என்பதால் இயக்குநர்கள் தவிர்த்ததில் தவறு சொல்ல மாட்டேன்.

உண்மையிலேயே வெடிக்கும் டேங்கர் ஒன்று உண்டு. அது பெட்ரோல் ஏற்றியதல்ல, அழுத்தத்தில் திரவமாக்கிய வாயுவை ஏற்றியது. அப்படி ஏற்றும் வாயுக்களில் ஒன்றான புரோப்பேன் இயல்பாகக் கொதிப்பது பூஜ்யத்துக்குக் கீழே 42 டிகிரியில். வெயில் நாளில் அதைத் திரவமாக வைத்திருக்க வளிமண்டலத்தைப்போல் பத்து மடங்கு அழுத்தம் தேவை. இப்படிப்பட்ட டேங்கரை வெளியிலிருந்து தீ சூழ்ந்தால் என்ன ஆகிறது என்று பாருங்கள். திரவம் தொட்டுக்கொண்டிருக்கும் வரை உருக்குச் சுவர் பெரிதாகச் சூடேறாது. திரவமே வெப்பத்தை வாங்கிக்கொண்டு கொதிக்கும். பாதுகாப்பு வால்வு சீறிக்கொண்டு வாயுவை வெளியேற்றும். திரவ மட்டம் இறங்க இறங்க, மேல்பகுதியில் வாயு மட்டும் பட்டுக்கொண்டிருக்கும் உருக்கு பழுக்கக் காய்ந்து பலமிழக்கிறது. ஒரு கட்டத்தில் கிழிகிறது. அழுத்தம் சட்டென்று விழுந்ததும், உள்ளே மிச்சமிருக்கும் திரவம் மொத்தமாக ஒரே கணத்தில் கொதித்து 270 மடங்கு வரை விரிகிறது. டாங்கியின் துண்டுகள் நூற்றுக்கணக்கான மீட்டர் பறக்கும். மேகமாய்ப் பரவும் வாயு தீக்கோளமாகும். இதில் தொடக்கத்தில் கிழிப்பது தீயல்ல, கொதிப்பு. 1978 ஜூலை 11 அன்று ஸ்பெயினில் லாஸ் அல்ஃபாக்கேஸ் கடற்கரை முகாம் அருகே, அளவுக்கு மீறி புரோப்பிலீன் நிரப்பிய டேங்கர் உடைந்து தீக்கோளமானதில் 200க்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். 2018 ஆகஸ்டில் இத்தாலியின் பொலோனியா நெடுஞ்சாலையில் எல்பிஜி லாரி விபத்துக்குள்ளாகி, முதலில் எரிந்து, சில நிமிடம் கழித்து வெடித்ததைக் கண்காணிப்புக் கேமராக்கள் பதிவு செய்தன. தீயணைப்புத் துறையினர் எரியும் வாயு டேங்கரைக் கண்டால் ஊரையே விலகச் சொல்வதும், டாங்கியின் மேல்பகுதியில் விடாமல் தண்ணீர் பீய்ச்சுவதும் இதனால்தான்.

கோழி லாரி? தேடிப் பிடித்து ஒரு காரணம் சொல்லலாம். தீவனத் தூள், மாவு, சர்க்கரை ஆகியவற்றின் நுண்தூசு மூடிய இடத்தில் மிதந்தால் வெடிக்கும். 2008 பிப்ரவரியில் அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் சர்க்கரை ஆலை ஒன்று அப்படித்தான் வெடித்து 14 பேர் இறந்தார்கள். ஆனால் நான்கு பக்கமும் திறந்த கூண்டுகளோடு நெடுஞ்சாலையில் விரையும் லாரியில் எந்தத் தூசு தங்கும்? எச்சத்திலிருந்து வரும் அம்மோனியாவுக்கும் அதே கதிதான். காற்றில் 15 சதவீதம் சேராமல் அது எரியாது, அதற்கு வெகுமுன்பே ஓட்டுநர் மூச்சுத் திணறி வண்டியை நிறுத்தியிருப்பார். கோழிகள் மீது குற்றமில்லை.

பிறகு திரையில் அந்த ஆரஞ்சுத் தீக்கோளத்தை எப்படித்தான் வரவழைக்கிறார்கள்? வழக்கமான முறையில், கனமான இரும்புக் குண்டான் ஒன்றின் அடியில் சிறிதளவு கருமருந்தையும் அதன் மேல் பிளாஸ்டிக் பையில் சில லிட்டர் பெட்ரோலையும் வைத்து, தொலைவிலிருந்து மின்சாரத்தால் பற்றவைக்கிறார்கள். கருமருந்து பெட்ரோலைச் சிறு துளிகளாகச் சிதறடித்து மேலே வீசுகிறது. கூடவே பற்றவும் வைக்கிறது. டேங்கருக்குள் கிடைக்காத காற்று துளிகளுக்குக் கிடைத்துவிடுகிறது, ஆனால் முழுவதும் போதாது. அரைகுறையாக எரியும் பெட்ரோலில் பிறக்கும் கரித்துகள்கள் கனன்று ஒளிர்வதுதான் அந்த ஆரஞ்சு நிறம். ஆறியதும் அதே துகள்கள் கரும்புகை. நிஜ வெடிமருந்தில் இந்த அழகெல்லாம் வராது. ஒரு மின்னல் வெட்டு, பிறகு சாம்பல் நிறப் புழுதி. கேமராவை இயல்பைவிட வேகமாக ஓட்டிப் படம்பிடித்து மெதுவாகக் காட்டும்போது, ஓரிரு வினாடியில் எரிந்து தீரும் கோளம் நிதானமாகச் சுருண்டு மேலெழுவதுபோல் தெரிகிறது.

சத்தத்தைத் தனியாகச் சேர்க்கிறார்கள். அரை கிலோமீட்டர் தள்ளி நிகழும் வெடிப்பின் ஓசை நம் காதுக்கு வர ஏறத்தாழ ஒன்றரை வினாடி ஆகும். திரையில் மட்டும் ஒளியும் ஒலியும் ஒன்றாகவே வந்துசேரும். தாமதித்து வந்தால் ஒலிப்பதிவு கெட்டுவிட்டது என்று ரசிகர்கள் திரையரங்கு மேலாளரைத் தேடிப் போவார்கள்.