இறப்புச் சான்றிதழ்: வீடு இருக்கும் ஊரில் இல்லை, உயிர் போன ஊரில்

எங்கள் தெருவில் தறி ஓட்டிக்கொண்டிருந்த ஒருவர் போன புரட்டாசியில் பாண்டியில் ஒரு மருத்துவமனையில் இறந்துபோனார். வயது 48. கிட்னி. பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும் அவர் மனைவி (நான் அக்கா என்று கூப்பிடுகிறவர்) இறப்புச் சான்றிதழ் கேட்டு உள்ளூர் அலுவலகத்துக்குப் போனார். முதல் தடவை, "சார் மீட்டிங் போயிருக்கார், நாளைக்கு வாம்மா." இரண்டாம் தடவை, "சர்வர் இல்லை." மூன்றாம் தடவைதான் ஒருவர் தலையை நிமிர்த்திக் கேட்டார்: "எங்கம்மா இறந்தாரு? பாண்டியிலயா? அப்ப இங்க கிடையாதே." இந்த ஒரு கேள்வியை முதல் நாளே கேட்டிருந்தால் அக்காவுக்கு இரண்டு நாள் கூலி மிஞ்சியிருக்கும்.

கடலூர் மாவட்டத்துக்காரர்களுக்கு இது தெரிந்தே ஆக வேண்டும். கொஞ்சம் பெரிய நோய் என்றால் நமக்குப் பாண்டிதான். பிறப்பு, இறப்புப் பதிவுச் சட்டம் 1969-இல் வந்தது. நாடு முழுக்க ஒரே சட்டம். அதன்படி சாவு எங்கே நடந்ததோ அந்த இடத்துப் பதிவாளர்தான் பதிய வேண்டும். வீடு, ரேஷன் கார்டு, ஓட்டு எந்த ஊரில் இருந்தாலும் கணக்கில்லை. உடலை ஊருக்குக் கொண்டுவந்து நம் சுடுகாட்டில் எரித்தாலும் அதேதான்.

ஜிப்மர் என்கிற பெரிய மத்திய அரசு மருத்துவமனை இருக்கும் கோரிமேடு, உழவர்கரை நகராட்சியைச் சேர்ந்தது. "பாண்டி நகராட்சி" என்று யாரோ சொன்னதைக் கேட்டுக் கடற்கரைப் பக்கம் போய் நின்றவர்களைப் பார்த்திருக்கிறேன். புதுச்சேரி நகராட்சி வேறு, உழவர்கரை நகராட்சி வேறு. கடலூர் சாலையில் கிருமாம்பாக்கம், பிள்ளையார்குப்பம் பக்கம் இருக்கும் தனியார் மருத்துவக் கல்லூரிகள் இரண்டு நகராட்சியிலும் வராது, அது பாகூர் கொம்யூன் பஞ்சாயத்து (புதுச்சேரியில் கிராமங்களுக்கான உள்ளாட்சி). நம் மாவட்டத்துக்குள்ளேயே இந்தக் குழப்பம் உண்டு. ராஜா முத்தையா என்று இன்னும் நாம் சொல்கிற மருத்துவமனை, பேச்சுக்குத்தான் சிதம்பரம். இருப்பது அண்ணாமலைநகர் பேரூராட்சியில். அதனால் ஒரு பழக்கம் வைத்துக்கொள்ளுங்கள். உடலை வாங்குகிற அன்றைக்கே, அந்த மருத்துவமனையிலேயே, "இந்த இறப்பை எந்த ஆபீஸில் பதிவீங்க? எப்ப அனுப்புவீங்க?" என்று கேட்டு, பதிலைச் சீட்டின் பின்பக்கம் எழுதிக்கொள்ளுங்கள். அழுகைக்கு நடுவே இது எங்கே நினைவு வரும் என்பீர்கள். வராதுதான். கூடப் போகிற பங்காளியோ மச்சானோ அதைச் செய்யட்டும்.

இன்னொன்று. உடலோடு கொடுக்கிற தாளில் பெயர், நேரம், காரணம் எல்லாம் இருக்கும், முத்திரையும் இருக்கும். அது இறப்புச் சான்றிதழ் இல்லை. அதைப் பத்திரமாக லேமினேஷன் போட்டு பேங்குக்கு எடுத்துப் போய்த் திரும்பி வந்தவர்கள் நிறைய. பதிவாளர் கொடுப்பதுதான் சான்றிதழ், பதிவு எண் அதில் இருக்கும். பதிவு முடிந்த 7 நாளுக்குள் தகவல் கொடுத்தவருக்கு அதை இலவசமாகத் தர வேண்டும் என்று சட்டத்திலேயே இருக்கிறது. 2023 அக்டோபர் 1 முதல் நடைமுறைக்கு வந்த திருத்தம் அது. ஆனால் நன்றாகக் கவனியுங்கள், "பதிவு முடிந்த" 7 நாள். மருத்துவமனையிலிருந்து தாள் போய்ச் சேரவில்லை என்றால் 7 நாள் தொடங்கவே தொடங்காது. ஜன்னலில் "இன்னும் வரலை" என்றால் நீங்கள் திரும்பிப் போக வேண்டியது மருத்துவமனைக்கு. அடுத்த வாரம் மறுபடி அதே ஜன்னலுக்குப் போனால் மறுபடி அதே "இன்னும் வரலை"தான்.

சரி, இதற்கு நேர் எதிரான கதை ஒன்று இருக்கிறது. நம் பக்கத்தில் அது இன்னும் அதிகம். "இனிமே ஒண்ணும் இல்லை, வீட்டுக்குக் கொண்டுபோயிடுங்க" என்று சொல்லி அனுப்பிவிடுகிறார்கள். நாமும் சொந்த வீட்டில் உயிர் போகட்டும் என்று ஆம்புலன்ஸ் வைத்துக் கொண்டுவருகிறோம். வந்து ஒரு மணி நேரத்திலோ இரண்டு நாளிலோ போய்விடுகிறார். இப்போது அந்த மருத்துவமனை எதையும் பதியாது. அவர்கள் கணக்கில் அவர் உயிரோடு வீட்டுக்குப் போனவர். வீட்டில் நடந்த சாவை, வீட்டுப் பெரியவர் யாராவது உள்ளூர்ப் பதிவாளரிடம் 21 நாளுக்குள் சொல்ல வேண்டும். வேறு யாரும் உங்களுக்காகச் சொல்ல மாட்டார்கள். வழியில், வண்டியிலேயே உயிர் போயிருந்தால் வண்டி முதலில் எங்கே நின்றதோ அந்த இடத்தில் பதிவு.

21 நாள் என்பது பெரிய கெடு மாதிரி தெரியும். பதினாறாம் நாள் வரை வீட்டை விட்டு யாரும் இதற்காக நகர மாட்டார்கள். மிச்சம் 5 நாள். அதிலும் சனி, ஞாயிறு வந்துவிடலாம். ஆகக் காரியம் முடியட்டும் என்று காத்திருக்காதீர்கள்; கொள்ளி வைத்தவர் போக வேண்டும் என்று எந்த விதியும் இல்லை, வீட்டில் வேறு பெரியவர் போகலாம். 30 நாள் வரை தாமதக் கட்டணத்தோடு முடிந்துவிடும். அதைத் தாண்டினால் மேலதிகாரி அனுமதி. ஒரு வருஷம் தாண்டினால் கோட்டாட்சியர் அலுவலகம் வரை நடக்க வேண்டும். ஏன் இத்தனை நாள் பதியவில்லை என்று உங்களைக் கேட்பார்கள். உங்களை எத்தனை தடவை திருப்பி அனுப்பினார்கள் என்று யாரும் கேட்க மாட்டார்கள்.

உள்ளூர்ப் பதிவாளர் யார் என்பதிலும் எங்களைப் போன்ற பாதி ஊர், பாதி கிராமங்களில் ஒரு சிக்கல். பேரூராட்சி என்றால் பேரூராட்சி அலுவலகம். கிராம ஊராட்சி என்றால் விஏஓ (கிராம நிர்வாக அலுவலர்). ஊர் வளர்ந்து வளர்ந்து கடைசித் தெரு பக்கத்து ஊராட்சி நிலத்தில் போய் நிற்கும். தெருவிளக்கு ஒன்று, குப்பை வண்டி ஒன்று, ஆனால் காகிதத்தில் வேறு ஊர். வாயால் கேட்டால் இரண்டு பக்கமும் "அங்க போங்க" என்பார்கள். வீட்டு வரி ரசீதை எடுத்துப் பாருங்கள். தலைப்பில் எந்த அலுவலகத்தின் பெயர் இருக்கிறதோ அதுதான் உங்கள் ஊர். ரசீதைக் கையில் காட்டுங்கள், பேச்சு அங்கேயே நின்றுவிடும்.

இதற்கெல்லாம் மேலே ஒன்று இருக்கிறது. பெயர்.

அக்கா வீட்டுக்காரரின் ஆதார்ப் பெயர் சுப்பிரமணியன். ஊரில் மணி. மூச்சுத் திணறி ராத்திரியில் தூக்கிக்கொண்டு ஓடியபோது, சீட்டு போடுகிற இடத்தில் "பேரு?" என்று கேட்டிருக்கிறார்கள். மச்சான் "மணி" என்றார். அந்த மணி கேஸ் சீட்டில் ஏறி, இறப்பு அறிக்கையில் ஏறி, கடைசியில் சான்றிதழிலும் ஏறிவிட்டது. யார் மேல் கோபப்படுவது? தாசில்தார் அலுவலகத்தில் அக்காவின் ஆதாரில் கணவர் சுப்பிரமணியன், சான்றிதழில் இறந்தவர் மணி. "இது யாரோட புருஷன்?" என்று கேட்டார்களாம். கேட்ட விதத்தைச் சொல்லும்போது அக்காவின் குரல் மாறியது.

எழுத்துப் பிழையைத் திருத்தச் சட்டத்தில் இடம் உண்டு, பதிந்த அதே பதிவாளரிடம் மனு கொடுக்க வேண்டும். பழைய பதிவை அழிக்க மாட்டார்கள், ஓரத்தில் திருத்தம் எழுதுவார்கள். ஒரு எழுத்து, ஒரு இனிஷியல் என்றால் ஆதார், ரேஷன் கார்டு நகலோடு முடிந்துவிடும். மணி சுப்பிரமணியன் ஆக வேண்டும் என்றால் இருவரும் ஒருவரே என்பதற்கு அத்தாட்சி கேட்பார்கள், உறுதிமொழிப் பத்திரம் கேட்பார்கள், மருத்துவமனை ஆவணத்திலேயே மாற்றிக்கொண்டு வா என்பார்கள். ஒவ்வொன்றுக்கும் கடலூர் போய்ப் பஸ் மாறி, பாண்டியில் இறங்கி, மறுபடி கோரிமேடு பஸ்.

ஆகவே ஆஸ்பத்திரிக்குக் கிளம்பும்போது நோயாளியின் ஆதாரும் போகட்டும். போனில் படம் இருந்தாலும் போதும். அவசரத்தில் செல்லப் பெயர் ஏறிவிட்டால், ஆள் வார்டில் இருக்கும்போதே போய் மாற்றச் சொல்லுங்கள். அப்போது அது ஐந்து நிமிட வேலை. பாண்டியில் பெரும்பாலும் இங்கிலீஷில்தான் ஏற்றுவார்கள். கலியபெருமாள் என்ற பெயரை நம் பக்கம் எத்தனை விதமாக எழுதுகிறார்கள் என்று உங்களுக்கே தெரியும். நடுவில் ஒரு ‘ஒய்’ வருமா வராதா என்பது அவர் இருக்கும்வரை யாருக்கும் பிரச்சினை இல்லை. விலாசத்தையும் பாருங்கள். கூட இருந்து பார்த்துக்கொள்ள அங்கே எடுத்த வாடகை ரூம் விலாசத்தைக் கொடுத்துவிடுகிறார்கள். சான்றிதழில் நிரந்தர விலாசம் என்று அது வந்தால், நம் தாலுகாவில் "இவர் இந்த ஊர் ஆளே இல்லையே" என்று ஆரம்பிப்பார்கள்.

வெளிமாநிலச் சான்றிதழ், உண்மைத்தன்மை அறியணும் என்று சொல்லி மனுவைக் கிடப்பில் போடுவதும் நடக்கிறது. கடலூரிலிருந்து சுமார் 20 கிலோமீட்டரில் இருக்கிற பாண்டி இவர்களுக்கு வெளிமாநிலம். பிரெஞ்சுக்காரன் காலத்து எல்லைக்கு நாம் இன்னும் சுங்கம் கட்டுகிறோம். சட்டம் ஒன்றே, சான்றிதழ் எங்கும் செல்லும். சரிபார்க்க வேண்டுமானால் அலுவலகம் அலுவலகத்துக்கு எழுதட்டும், எழுதிய தேதியைக் கேட்டு வாங்குங்கள். ஒன்றை மட்டும் மறக்காதீர்கள். கடலூர் கலெக்டர் ஆபீஸ் திங்கள்கிழமை மனுவும் 1100 என்கிற முதல்வர் உதவி எண்ணுக்குப் போடுகிற போனும் தமிழ்நாட்டு அலுவலகத்தை அசைக்கும். உழவர்கரையையோ பாகூரையோ அசைக்காது. அங்கே தாமதம் என்றால் அங்கேதான் எழுதிக் கொடுத்து, நகலில் தேதி முத்திரை வாங்க வேண்டும்.

சான்றிதழ் கைக்கு வந்ததும் அடுத்தது வாரிசுச் சான்றிதழ். இ-சேவை மையத்தில் போட வேண்டும், விஏஓ, வருவாய் ஆய்வாளர் பார்த்துத் தாசில்தார் கொடுப்பார். இங்கே வழுக்கி விழுகிற இடம் இரண்டு. கல்யாணமாகிப் போன மகளை விட்டுவிடுகிறார்கள், "அவளுக்குச் சீர் செஞ்சாச்சே" என்று. சீருக்கும் இதற்கும் சம்பந்தமில்லை, அவளும் வாரிசு. அடுத்து, இறந்தவரின் அம்மா. இந்துக் குடும்பத்தில் மகன் இறந்தால் மனைவி, பிள்ளைகளோடு அம்மாவும் முதல் நிலை வாரிசு. அப்பா அந்த வரிசையில் இல்லை. மாமியாரோடு பேச்சுவார்த்தை இல்லை என்று அவர் பெயரை விட்டுப் போட்டால், விஏஓ விசாரணையில் அக்கம்பக்கத்தார் ஒருவர் சொன்னாலே போதும், மனு தள்ளுபடி. தள்ளுபடி என்றால் காரணத்தைப் படித்துப் பாருங்கள். பெரும்பாலும் ஒரே ஒரு நகல் குறைந்திருக்கும். ஆனால் மையத்துக்காரர் புது மனு போட்டுப் புதுக் கட்டணம் வாங்கிவிடுவார்.

அதே மையத்தில் இன்னொரு கண்ணி. விதவைச் சான்றிதழ் வேறு. ஆதரவற்ற விதவைச் சான்றிதழ் வேறு, வேலைவாய்ப்பில் முன்னுரிமைக்காகக் கோட்டாட்சியர் தருவது. ஆதரவற்ற விதவை ஓய்வூதியம் இன்னும் வேறு, அதுதான் மாதாமாதம் வருகிற பணம். 2023 ஆகஸ்டில் 1,000 ரூபாயிலிருந்து 1,200 ஆக்கினார்கள். மூன்றும் திரையில் அடுத்தடுத்து இருப்பது மாதிரிதான் தெரியும். "விதவைக்குப் போட்டுடுங்க" என்று சொல்லிவிட்டு வந்தால் அவர் எதையோ அழுத்திவிடுவார். நான்கு மாதம் கழித்துச் சான்றிதழ் வரும், பணம் வராது. "மாசாமாசம் வர்ற பென்ஷன்" என்றே சொல்லுங்கள். ரசீதில் என்ன பெயர் இருக்கிறது என்று அங்கேயே யாரையாவது படிக்கச் சொல்லுங்கள். அப்புறம் அந்த மனு போவது சமூகப் பாதுகாப்புத் திட்டத் தனி வட்டாட்சியருக்கு. தாலுகா ஆபீஸில் நீங்கள் எப்போதும் பார்க்கிற தாசில்தார் இல்லை, வேறு அறை.

வீட்டு வரியில் பெயர் மாற்றப் போனால் பாக்கி முழுக்கக் கட்டச் சொல்வார்கள், குடிநீர்க் கட்டணம் உள்பட. கட்டிவிட்டே போங்கள், அதில் வாதாடிப் பயனில்லை.

ஆனால் இத்தனைக்கும் முன்னால், துக்கம் விசாரிக்க வருகிற படித்த பிள்ளை யாரிடமாவது இறந்தவரின் பேங்க் பாஸ்புக்கைக் கொடுத்து ஒரு தடவை புரட்டச் சொல்லுங்கள். மே, ஜூன் பக்கத்தில் 436 ரூபாய் என்று ஒரு பிடித்தம் இருக்கிறதா? இருந்தால் அது பிரதமரின் ஜீவன் ஜோதி காப்பீடு. 55 வயதுக்குள் எப்படி இறந்திருந்தாலும், வியாதியானாலும், நாமினிக்கு 2 லட்சம். பக்கத்திலேயே 20 ரூபாய் என்று ஒன்று இருந்தால் அது விபத்துக்கு. கணக்குத் தொடங்கிய நாளில் ஏதோ ஒரு படிவத்தில் கையெழுத்து வாங்கியிருப்பார்கள், வீட்டில் யாருக்கும் தெரியாது. பேங்கும் தானாகக் கூப்பிட்டுக் கொடுக்காது. சான்றிதழ் வரக் காத்திருக்காமல் அன்றைக்கே போய் எழுத்தில் தெரிவித்துவிட்டு, பாக்கித் தாள்களைப் பிறகு கொடுங்கள்.

அக்காவின் வீட்டுக்காரர் பாஸ்புக்கில் அந்த 436 இருந்தது. மே மாதம் 27-ஆம் தேதிப் பிடித்தம். பென்ஷன் மனுவுக்கு நகல் எடுக்கும்போது ஜெராக்ஸ் கடையில் நான் பார்த்தேன், அப்போது ஏழு மாதம் ஆகியிருந்தது. பேங்கில் மனுவை வாங்கிக்கொண்டார்கள். பாஸ்புக்கில் சுப்பிரமணியன், சான்றிதழில் மணி என்பதால் திருத்திய சான்றிதழ் வந்ததும்தான் மேலே அனுப்புவார்களாம். வருகிற புதன்கிழமை மறுபடி கோரிமேடு போகிறோம்.