நோய்த்தடைக்காப்பா, நோயெதிர்ப்பா?

மலேரியா ஆய்வு பற்றிய ஒரு மொழிபெயர்ப்புக் கட்டுரை. அதில் இப்படி ஒரு வரி: "வளர்ந்தவர்கள் நோய்த்தடைக்காப்பு பெற்றிருந்ததால் அவர்களின் இரத்தத்தில் ஒட்டுண்ணிகள் குறைவாகவே இருந்தன." தடை போட்டுக் காத்த பிறகு ஒட்டுண்ணி எப்படி இரத்தத்துக்குள் வந்தது? ஆய்வில் குழப்பமே இல்லை. குழப்பம் சொல்லில் இருக்கிறது. இந்தச் சொல்லைப் பார்த்துப் பார்த்து எனக்கு அலுத்துவிட்டது.

அந்த வரியில் நோய்த்தடைக்காப்பு என்று பெயர்த்திருப்பது ஆங்கிலத்தின் இம்யூனிட்டியை. அந்தச் சொல்லின் வேர் லத்தீன். வரியிலிருந்தும் ஊர்க்கடமையிலிருந்தும் விலக்குப் பெற்றவரை அங்கே இம்யூனிஸ் என்றார்கள். மருத்துவத்துக்குள் அது பின்னாளில்தான் வந்தது. அவ்வளவுதான்.

தமிழில் இதற்கு மூன்று பெயர்கள் ஓடுகின்றன. மக்கள் வாயில் நோய் எதிர்ப்புச் சக்தி. இலங்கைப் பாடநூல்களில் நிர்ப்பீடனம்; வடமொழி தெரியாத மாணவருக்கு அது மனப்பாடம் செய்யவேண்டிய ஒலி, வேறொன்றுமில்லை. தமிழ்நாட்டு மேல்நிலைப் பாடநூல்களில் நோய்த்தடைக்காப்பு. தூய தமிழ் என்பதால் பலருக்கும் இதன்மேல் பற்று. எனக்கும் தூய தமிழ் பிடிக்கும். ஆனால் தூய்மையாக இருப்பதற்காகப் பொருள் தவறிய சொல்லை ஏற்க முடியாது.

தடை என்றால் வழியிலேயே நிறுத்துவது. எதிர்ப்பு என்றால் வந்தவனுக்கு முகம்கொடுத்து நிற்பது. மலேரியாவில் உடல் செய்வது இரண்டாவதை. இயன் மெக்கிரகர் 1949 முதல் மேற்கு ஆப்பிரிக்க நாடான காம்பியாவில் இந்த நோயைப் பல ஆண்டுகள் ஆராய்ந்தவர். அவரும் கோஹன், காரிங்டன் இருவரும் சேர்ந்து 1961-இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். மலேரியாவோடு வாழ்ந்து பழகிய பெரியவர்களின் இரத்தத்திலிருந்து காமா குளோபுலினை, அதாவது எதிர்ப்பொருள்கள் (ஆன்டிபாடி) அடங்கிய புரதத்தை, பிரித்தெடுத்து, மலேரியாவில் கிடந்த குழந்தைகளுக்கு ஊசியாகப் போட்டார்கள். சில நாட்களில் குழந்தைகளின் இரத்தத்தில் ஒட்டுண்ணிகளின் எண்ணிக்கை சரிந்தது. உள்ளே புகுந்து பெருகிவிட்டதை அந்த எதிர்ப்பொருள் அடக்கியது. பாருங்கள், எதிர்ப்பொருள் என்று தமிழில் ஏற்கெனவே பெயர் வைத்துவிட்டோம்! எதிர்ப்பொருள் செய்கிற வேலைக்கு மட்டும் தடைக்காப்பு என்று ஏன் பெயர்?

மலேரியா அடிக்கடி தாக்கும் ஊர்களில் குழந்தைகளுக்கு முதலில் வருவது, உயிருக்கே ஆபத்தான நிலைக்குப் போகாமல் தாங்கும் திறன். ஒட்டுண்ணியின் எண்ணிக்கையைக் குறைக்கும் திறன் அப்புறம்தான் வளர்கிறது. ஒட்டுண்ணியே நுழையாத நிலை அநேகமாக யாருக்கும் வாய்ப்பதில்லை. அந்த ஊரைவிட்டுப் போய்ச் சில ஆண்டுகள் வாழ்ந்தால் பெற்ற திறனும் தேய்ந்துபோகும். எழுப்பிவைத்த மதில் இப்படித் தேயுமா? நோயெதிர்ப்பு என்ற சொல் இதற்கு அப்படியே பொருந்துகிறது: ஒட்டுண்ணி இருக்கிறது, நோய் எதிர்க்கப்படுகிறது.

மெய்யான தடையும் மலேரியாவில் உண்டு. மேற்கு ஆப்பிரிக்காவில் பெரும்பாலோரின் சிவப்பணுக்களில் டஃபி என்ற புரதம் இல்லை. அதனால் விவாக்ஸ் வகை ஒட்டுண்ணிக்கு அந்த அணுவுக்குள் எளிதில் நுழைய வழியில்லை. இது பிறவியிலேயே சாத்திய கதவு. தடை என்ற சொல்லை இதற்கு வைத்துக்கொள்ளலாம். இரண்டையும் தடைக்காப்பு என்றே எழுதினால் படிப்பவர் எப்படிப் பிரித்தறிவார்?

எதிர்ப்பு என்றால் மருந்தெதிர்ப்போடு குழம்பாதா என்று கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. குளோரோகுயின் என்ற மலேரியா மருந்துக்குப் பணியாத ஒட்டுண்ணியின் திறனும் எதிர்ப்புத்தான். மருந்தெதிர்ப்பு, நோயெதிர்ப்பு என்று முன்சொல்லை விடாமல் எழுதினால் குழப்பம் தீர்ந்துவிடும்.

விளம்பரங்கள் செய்யும் கெடுதல் வேறு. எந்த மாவைக் கரைத்துக் குடித்தாலும் எதிர்ப்புச் சக்தி கூடும் என்கிறார்கள், விளக்கில் எண்ணெய் ஊற்றுவதுபோல. மலேரியாவை எதிர்க்கும் திறன் மலேரியாவோடு மோதிப் பெற்றது, மாவில் வராது. இதனால்தான் சக்தியை விட்டு நோயெதிர்ப்பு என்று மட்டும் எழுதச் சொல்கிறேன்.

மொழிபெயர்ப்பவர்கள் அகராதியை மூடிவிட்டு, உடலுக்குள் என்ன நடக்கிறது என்று ஒரு நிமிடம் யோசிக்க வேண்டும். யோசித்திருந்தால் அந்த வரி இப்படி வந்திருக்கும்: "வளர்ந்தவர்கள் நோயெதிர்ப்பு பெற்றிருந்ததால், இரத்தத்தில் புகுந்த ஒட்டுண்ணிகள் பெருக முடியவில்லை, காய்ச்சலும் அவர்களைப் படுக்கையில் தள்ளவில்லை."