இருக்கிற மரபணுவும் விழித்திருக்கிற மரபணுவும்

"சேர், தோலிலயும் ஈரலிலயும் ஒரே மரபணுதான் எண்டா, ஈரல் ஏன் தோலாகேல்ல?"

களுவாஞ்சிக்குடியிலிருந்து வரும் மாணவி ஒருத்தி கேட்டாள். மட்டக்களப்பில் உயிரியல் படிப்பிக்கும் எனக்கு வருடா வருடம் வரும் கேள்வி இது. வகுப்புக்கு வெளியிலும் இது பரவவேண்டும் என்று ஆசைப்படுகிறேன். ஏனென்றால் நம்மில் பலருக்கு மரபணு என்றால் தலையெழுத்து. "சீனி வருத்தம் எங்கட பரம்பரையில இருக்கு, இனி என்ன செய்யிறது" என்று மருந்தையே விட்டவர்களை எனக்குத் தெரியும்.

மனிதக் கலத்தில் புரதம் செய்யும் மரபணுக்கள் ஏறக்குறைய 20,000. அவை எல்லாம் ஒரே நேரத்தில் வேலை செய்வதில்லை. எது விழிக்கும், எது தூங்கும் என்பதை மற்ற மரபணுக்களும் வெளியிலிருந்து வரும் சமிக்ஞைகளும் சேர்ந்து தீர்மானிக்கின்றன. இந்தப் பின்னலைப் படிக்க எளிய வழி பூலியன் வலையமைப்பு. விழிப்பு என்றால் 1, தூக்கம் என்றால் 0, இடையில் ஒன்றும் இல்லை. அமெரிக்க உயிரியலாளர் ஸ்டூவர்ட் காஃப்மன் 1969இல் இதைக் கையாண்டார். வலையமைப்பு ஓடி ஓடிக் கடைசியில் அடங்கும் நிலைகளே கல வகைகள் என்பது அவர் எண்ணம்.

வகுப்பில் நான் புளியங்கொட்டையை எடுப்பேன். ஒரு பக்கம் தேய்த்து வெள்ளையாக்கியது. வெள்ளை விழிப்பு, கறுப்பு தூக்கம். ஒரு கொட்டை காட்டா-1 என்ற மரபணு, மற்றது பியூ-1 என்ற மரபணு. இரத்தம் உருவாகும்போது இவை ஒன்றையொன்று அடக்கும். காட்டா-1 மேலோங்கினால் கலம் செங்குழியம் ஆகும் பக்கம் போகும், பியூ-1 மேலோங்கினால் சில வகை வெண்குழியங்களின் பக்கம். சுருக்கி ஒரே விதி வைத்தோம்: மற்றது தூங்கினால் நான் விழிப்பேன், மற்றது விழித்தால் நான் தூங்குவேன்.

இரண்டையும் வெள்ளையாக வைத்து, ஒரே நேரத்தில் புரட்டச் சொன்னேன். இரண்டும் கறுப்பு. மறுபடி இரண்டும் வெள்ளை. ஆறு தடவை புரட்டிவிட்டு, "இது முடியாதே சேர்" என்றாள். சரி, இப்போது ஒவ்வொன்றாகப் புரட்டு என்றேன். முதலாவது கறுப்பானது. இரண்டாவதைப் புரட்டக் கை போனது, அப்படியே நின்றது. மற்றது தூங்குகிறதே, இது வெள்ளையாகவே இருக்கவேண்டும். மற்றதிலிருந்து தொடங்கினாள், முடிவு தலைகீழானது. கொட்டைகளும் விதியும் மாறவில்லை, அடங்கிய இடங்கள் மட்டும் இரண்டு. அவள் கேள்விக்கு விடை மேசையிலேயே கிடந்தது.

அந்த முடிவில்லாத புரட்டல் எங்கிருந்து வந்தது? இரண்டும் ஒரே கணத்தில் மாறும் என்று நாம் வைத்த விதியிலிருந்து. கலத்துக்குள் அப்படி ஒரு மணி அடிப்பதில்லை. மாதிரியுரு காட்டுவது கலத்தின் குணமா, நம் விதியின் குணமா என்று கேட்காமல் முடிவு எழுதும் மாணவர்களை நான் விடுவதில்லை. 0, 1 மட்டும் இருப்பதால் 'எவ்வளவு' என்பதையும் இது சொல்லாது.

ஆனாலும் இந்த எளிமைக்குள் பலம் உண்டு. ஈஸ்ட் கலம் பிரிவதைப் பற்றிய 2004 ஆய்வில் கணுக்கள், அதாவது நம் கொட்டைகளைப் போல விழித்துத் தூங்கும் புள்ளிகள், 11 மட்டுமே. தொடங்கக்கூடிய 2,048 நிலைகளில் 1,764 ஒரே நிலையில் வந்து அடங்கின. வாவிக்கு மேற்கே படுவான்கரையில் எந்த வயல் வட்டையில் மழை பெய்தாலும் தண்ணீர் வாவியைத் தேடி வருகிற மாதிரி.

அப்புறம் அந்தச் சீனி வருத்தம். தொடர்ந்து உடற்பயிற்சி செய்தால், சர்க்கரையைத் தசைக்குள் எடுக்க உதவும் குளுட்-4 புரதத்தின் மரபணு கூடுதலாக வேலை செய்யும். பரம்பரை மாறவில்லை, உள்ளே போகும் சமிக்ஞை மாறியது. மருந்தை விட்டிருந்த உறவினர் ஒருவரிடம் அதே இரண்டு கொட்டைகளை வைத்துத்தான் இதைச் சொன்னேன். இப்போது கிளினிக்குக்குத் திரும்பப் போகிறார், காலையில் கல்லடிப் பாலத்தில் நடக்கிறார்.