நகம் வெட்டப் பயப்படுற நாய அமுக்கிப் பிடிக்காதீங்க

போன மாசம் க்ளினிக்குக்கு ஒரு குடும்பமே வந்துச்சு. அப்பா, அம்மா, காலேஜ் படிக்கிற பையன், அவங்களோட நாலு வயசு நாட்டு நாய் மணி. "டாக்டர், நகம் மட்டும் வெட்டி விட்டுருங்க, நாங்க மூணு பேரும் அமுக்கிப் பிடிச்சுக்கிறோம்"னு அப்பா சொல்றாரு, அவரு சொல்லி முடிக்கிறதுக்குள்ளயே மணி உதட்ட நக்குறான், கொட்டாவி விடுறான், வாலு வயித்துக்கு அடியில போயிருச்சு, கண்ணு ஓரத்துல வெள்ளை தெரிய என் கையவே பாத்துட்டு இருக்கான். தூக்கம் வந்து விட்ட கொட்டாவி இல்ல அது, பயத்துல வர்றது.

என்ன நடந்துச்சுன்னு கேட்டேன். ஒன்றரை வருஷம் முன்னாடி வீட்டுலயே வெட்டியிருக்காங்க, கொஞ்சம் உள்ள பட்டு ரத்தம் வந்துருச்சு, பயந்துபோய் எல்லாரும் சேர்ந்து அழுத்திப் பிடிச்சிருக்காங்க. அதுல இருந்து நகம் வெட்டுற கட்டர் வச்சிருக்குற மேஜை ட்ராயர திறக்குற சத்தம் கேட்டாலே கட்டிலுக்கு அடியில ஓடிடுறானாம். அம்மா கண்ணு கலங்கிட்டாங்க. இதுல அவங்க தப்புன்னு நான் சொல்ல மாட்டேன், நகத்துக்குள்ள உயிருள்ள சதை இருக்கு, அதுல ரத்தக்குழாயும் நரம்பும் ஓடுதுன்னு நாய் வாங்கும்போது யாரும் சொல்லித் தர்றதில்லையே.

அன்னைக்கு நான் நகம் வெட்டல. தரையில உக்காந்து கால மட்டும் பாத்தேன். முன்னங்கால் விரல் இடுக்குல ரெண்டு உண்ணி, சுத்தி செவந்துபோய் இருந்துச்சு. கால தொட்டாலே இழுத்துக்கிற நாய்க்கு பயம் மட்டும்தான் காரணம்னு நினைச்சுராதீங்க, விரல் இடுக்குல உண்ணி, பாதி ஒடைஞ்ச நகம், வயசான நாயா இருந்தா மூட்டு வலி, இப்படி எதாவது இருக்கும். முதல்ல அத பாக்கணும்.

தெருவுல திரியுற நாய்க்கு தார் ரோட்டுல நகம் தானா தேய்ஞ்சுரும். மூணாவது மாடி ஃப்ளாட்டுல டைல்ஸ் மேல நடக்குற நாய்க்கு தேயாது. நடக்கும்போது டக் டக்குனு சத்தம் கேட்டா நீளமாயிருச்சுன்னு அர்த்தம், விரல் விரிஞ்சு கால் வழுக்கும். கால் உள்பக்கம் கொஞ்சம் மேல தொங்குற கட்டைவிரல் நகம் இருக்கே, அது தரையில படவே படாது, கவனிக்காம விட்டா வளைஞ்சு வளர்ந்து சதைக்குள்ளயே குத்திடும். சீழ் புடிச்சு வர்ற கேஸ் எனக்கு வருஷா வருஷம் வருது. அதனால பயப்படுதேன்னு அப்படியே விட்டுரவும் முடியாது.

மணி வீட்டுக்கு நான் சொன்னது இதுதான். முதல் வாரம் கட்டர வெளியவே எடுக்காதீங்க. காலைத் தொடுங்க, உடனே ஒரு துண்டு வேகவச்ச சிக்கன் குடுங்க. வரிசை முக்கியம், தொட்ட பிறகுதான் சிக்கன், சிக்கன காட்டி ஏமாத்தி காலைப் பிடிச்சா அப்புறம் சிக்கன பாத்தாலே சந்தேகப்படும். அப்புறம் விரல லேசா அழுத்துறது, அப்புறம் கட்டர தரையில சும்மா வைக்கிறது, அப்புறம் அந்த க்ளிக் சத்தம் மட்டும். எந்த இடத்துல உதட்ட நக்குதோ, கால இழுக்குதோ, ஒரு படி பின்னாடி வந்துருங்க. வெட்ட ஆரம்பிச்சதும் ஒரு நாளைக்கு ஒரு நகம் போதும். ஒரே நாள்ல எல்லா காலையும் முடிக்கணும்னு எந்தச் சட்டமும் இல்ல. உறுமினா அடிக்காதீங்க, திட்டாதீங்க, உறுமுறது "போதும்"னு அது சொல்ற பாஷை, அத அடக்கிட்டா அடுத்த தடவை சொல்லாமலே கடிக்கும். கடிச்சுட்டா, வளக்குற நாய்தானேன்னு விடாம 15 நிமிஷம் ஓடுற தண்ணில சோப்பு போட்டு கழுவிட்டு, அன்னைக்கே ஆஸ்பத்திரி போய் ஊசி விஷயத்த கேட்டுருங்க.

வெள்ளை நகம்னா உள்ள ரோஸ் கலர் தெரியும், அதுக்கு முன்னாடி நிறுத்திடலாம். மணிக்கு எல்லாமே கருப்பு. கருப்பு நகத்த நுனியில இருந்து மெலிசா மெலிசா சீவணும், ஒவ்வொரு சீவலுக்கும் நகத்துல வெட்டின இடத்த பாருங்க, காஞ்ச வெள்ளையா இருக்குற வரைக்கும் பிரச்சனை இல்ல, நடுவுல ஈரமா கருப்புப் புள்ளி மாதிரி தெரிஞ்சா அங்கேயே நிறுத்திருங்க. ரொம்ப நாள் வெட்டாத நகத்துல உள்சதையும் கூடவே நீளமா வந்திருக்கும், வாரம் ஒரு தடவை நுனிய மட்டும் எடுத்துட்டே வந்தா அது மெதுவா பின்வாங்கும்.

ரத்தம் வந்தா பதறாதீங்க, உங்க பதட்டம்தான் அதுக்கு இன்னும் பயம். கார்ன்ஃப்ளவர் மாவ நகத்துல வச்சு சுத்தமான துணியால சில நிமிஷம் அழுத்திப் பிடிங்க, பெரும்பாலும் நின்னுரும். கால் மணி நேரம் ஆகியும் நிக்கலன்னா தயவுசெஞ்சு டாக்டர்கிட்ட போங்க. நம்ம ஊர்ல உண்ணிக் காய்ச்சல் ரொம்ப சாதாரணம், அதுல ரத்தத்த உறைய வைக்கிற ப்ளேட்லெட் கொறைஞ்சுரும், சாப்பிடுறதுல ஓடுறதுல எதுவும் தெரியாத நாய்க்குக் கூட நகத்துல நிக்காத ரத்தம்தான் முதல் அறிகுறியா இருந்தத நான் பாத்திருக்கேன். மணிக்கும் அன்னைக்கே ரத்தப் பரிசோதனை எடுத்தேன், நல்லவேளை நார்மல்.

சில நாய்க்கு பயம் இதையெல்லாம் தாண்டி இருக்கும். அதுக்கு க்ளினிக் வர்றதுக்கு முன்னாடி வீட்டுலயே குடுக்குற பயம் குறைக்கிற மாத்திரை இருக்கு, எடை பாத்து டாக்டர்தான் எழுதணும். வீட்டுல இருக்குற மனுஷங்க தூக்க மாத்திரை, பாராசிட்டமால், ஐப்யூப்ரோஃபென் எதுவும் குடுத்துறாதீங்க, உயிருக்கே ஆபத்து. அசையாம படுக்க வைக்கிற மருந்தும் பயத்த குறைக்கிற மருந்தும் ஒண்ணு இல்ல, முதல் வகையில உடம்பு அசையாம கிடந்தாலும் உள்ளுக்குள்ள பயம் அப்படியே இருக்கும், அதனால எது குடுக்குறீங்கன்னு டாக்டர்கிட்ட கேளுங்க, கேக்குறது உங்க உரிமை.

மணி வீட்டுப் பையன் ஒரு ப்ளைவுட் பலகையில ஹார்ட்வேர் கடை உப்புத்தாள ஒட்டி, மணிய அதுல முன்னங்காலால பிராண்டப் பழக்கியிருக்கான், பத்து நாள்ல கத்துக்கிச்சாம். முன்னங்கால் நகம் இப்ப அதுலயே தேயுது. பின்னங்கால்ல ரெண்டு நாளைக்கு ஒரு நகம் அம்மா வெட்டுறாங்க. கட்டைவிரல் நகத்துக்கு மட்டும் நேத்து என்கிட்ட வந்தாங்க, டேபிள் இல்ல, தரையில அம்மா மடியில தலைய வச்சு சிக்கன் தின்னுட்டே இருந்தான், ஒரு பக்கம் வெட்டினேன், கால இழுத்தான், விட்டுட்டேன். இன்னொரு பக்கத்துக்கு அடுத்த சனிக்கிழமை வரச் சொல்லியிருக்கேன்.